குடும்பத்தோடு வரவும்

லாலாகுடா பட்டறையில் சனிக்கிழமை மத்தியானச் சங்கு ஊதியதும் ஆரோக்கியசாமி கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு ரயில்வே காலனி மன்றத்தில் பாட்டு நாடகம். கையில் பாஸ் இருந்தது. குடும்பம்தான் இல்லை.

பெரம்பூரிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம். மனைவி இறந்து மூன்று வருஷம். சாயங்காலமானால் குவார்ட்டர்ஸில் அவரோடு பேசுவது ரேடியோ ஒன்றுதான், அதுவும் தெலுங்கில். ஒரே ஒரு நாளாவது நாலு பேர் நடுவில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வரவேண்டும் என்று ஆசை.

"தனி ஆளை உள்ள விடமாட்டாங்க சார். குடும்பமாத்தான் வரணும்" என்று பக்கத்து வீட்டு ஆக்னஸ் டீச்சர் வியாழக்கிழமையே மதிலுக்கு அந்தப்புறம் நின்று சொல்லியிருந்தார்.

முதலில் கூட வேலை செய்யும் ஜம்புநாதனைப் பிடித்தார்.

"உங்க கும்பல்ல என்னையும் சேர்த்துக்கங்க. சித்தப்பான்னு சொல்லிக்கலாம்."

"ஏற்கெனவே ஒன்பது பேருய்யா! என் மச்சினனே மாமியார் மடியிலதான் உட்காரப் போறான்."

வேறு வழியில்லாமல் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். கேட்டைத் தாண்டுற வரைக்கும்... எங்க வீட்டம்மாவா..."

டீச்சர் தரையைப் பார்த்தார். "குழந்தை இல்லாமப் போனா நம்புவாங்களா?"

எதிர் வீட்டு ஜெயசுந்தரியின் ஆறு வயது மகள் பியூலா இரவல் வாங்கப்பட்டாள்.

"யார் கேட்டாலும் டாடி, மம்மின்னு சொல்லணும், சரியா?"

"நக்கோ" என்று உள்ளூர்ப் பேச்சில் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

இரண்டு சாக்லேட்டுக்குப் பிறகு, "ஹவ்" என்று சம்மதித்தாள்.

கேட்டில் காவலாள் அய்யாக்கண்ணு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாஸைக் கிழித்தான். ஆரோக்கியசாமி மூச்சு விடுவதற்குள் தோளில் ஒரு கனத்த கை விழுந்தது. ஃபோர்மேன் ராமசுவாமி.

"என்னய்யா, ஒண்டிக்கட்டைன்னு சொன்னே?"

"சார், இவங்க... என் தங்கச்சி..."

"டாடி!" என்றாள் பியூலா, கடமை தவறாமல். "இது மம்மி!"

"தங்கச்சியா, மம்மியா?"

"இப்பத்தான் சார்... போன மாசம்... கல்யாணம்..."

"போன மாசம் கல்யாணம், ஆறு வயசுல பொண்ணு! பட்டறையில வேலை மட்டும் ஏன்யா இவ்வளவு மெதுவா செய்யறே?"

முதல் பாட்டு முடிவதற்குள் மூன்று வரிசைக்குச் செய்தி போய்விட்டது. மேடையில் ராஜா வேஷக்காரர் உருகி உருகிப் பாடினார். ஜனங்கள் இந்தப் பக்கம் பார்த்தார்கள். யாரோ கை குலுக்கினார்கள். "ஸ்வீட் எங்கே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு மேடையையே பார்த்திருந்தார். பியூலா அவர் மடியில் தூங்கிவிட்டாள்.

ஆரோக்கியசாமி டீச்சர் பக்கம் திரும்பினார். திங்கட்கிழமை எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவார் இந்தம்மா? தன் ஒரு நாள் ஆசைக்கு ஒரு நல்ல மனுஷியின் பெயர் கெடுவதா?

இடைவேளை மணி அடித்ததும் கேட்டுக்கு ஓடினார்.

"அய்யாக்கண்ணு, நான் பொய் சொல்லி நுழைஞ்சுட்டேன். டீச்சர் மேல ஒரு தப்பும் இல்லை. குடும்பமா வந்தாத்தான் விடுவீங்கன்னு நான்தான் அவங்களைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். என்னை வெளிய அனுப்பிட்டு ஃபோர்மேன்கிட்ட உண்மையைச் சொல்லிடு."

அய்யாக்கண்ணு காதில் செருகியிருந்த பீடியை எடுத்து, அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அப்படி ஒரு சட்டம் இருக்குதுன்னு யாரு சார் சொன்னது? அந்த டீச்சரம்மாவே ஆறு வருஷமா ஒத்தையாத்தானே வந்து பார்த்துட்டுப் போறாங்க!"