மந்திரம் விழுந்த தர்பூசணி

காலை ஏழு மணிக்கே வரிசை மண்டபத்தைச் சுற்றிப் பேருந்து நிறுத்தம் வரை நீண்டிருந்தது. நின்றவர்களுக்கெல்லாம் சிறுநீரகத்தில் கல். கல் இல்லாத சிலரும், எதற்கும் இருக்கட்டும் என்று நின்றார்கள்.

மேடையில் நிர்பீஜானந்தர். விதையற்றவர் என்று பொருளாம். தர்பூசணியைத் தொடுவார், கண்ணை மூடுவார், சீடர் வெட்டுவார். உள்ளே ஒரு கறுப்பு விதைகூட இருக்காது.

"பழத்தில் விதை கரைந்ததுபோல் உன் கல்லும் கரையும்!"

கூட்டம் உருகும். கல் மட்டும் உருகாது.

வரிசையில் நின்ற ஒரு தையல்காரருக்குப் பட்டாணி அளவில் கல். வலி வந்தால் மிஷின்மேலேயே குப்புற விழுவார். மறுநாள் அறுவை சிகிச்சை. தள்ளிப்போட்டால் சிறுநீரகமே கெட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இவரோ ஆஸ்பத்திரிக்கு 'வேண்டாம்' சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டார்.

கூட வந்தவள் மச்சினி. நாற்றுப்பண்ணையில் வேலை. இரண்டு கக்கத்திலும் தர்பூசணி.

"பழம் அங்கயே இருக்குமே, நீ எதுக்கும்மா சுமந்துட்டு வர்ற?"

"சும்மா வாங்க அத்தான். சாமிக்கு நம்ம பழத்துமேல என்ன கோபம்?"

மேடையேறி ஒன்றை நீட்டினாள். "இதுக்கு மட்டும் மந்திரம் போடுங்க சாமி. அந்த இன்னொண்ணத் தொடவே வேணாம்."

மகான் தயங்கினார். "போடுங்க சாமி!" என்று கூட்டம் கத்தியது. பக்தர்களை வைத்துக்கொள்வதில் இந்தத் தொல்லை உண்டு. போட்டார்.

அவளே வெட்டினாள். எறும்புப் புற்றைக் கிளறியதுபோல் விதைகள். தொடாத பழத்தையும் வெட்டினாள். ஒன்றுகூட இல்லை.

முன்வரிசைப் பக்தர் சிலிர்த்தார். "மந்திரம் கொஞ்சம் தள்ளி, பக்கத்துப் பழத்துல விழுந்துடுச்சு!"

"அப்போ உங்க கல்லுக்குப் போட்டா, பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கரையும்" என்றாள் அவள்.

மச்சினி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "சாதாரணச் செடிக்குக் குரோமோசோம் இருபத்திரண்டு. அதை நாப்பத்தி நாலாக்கி, சாதாரணச் செடியோட சேர்த்தா, பிறக்கிறதுக்கு முப்பத்தி மூணு. எல்லாமே மூணு மூணா நிக்கும். ஜோடி சரியா பிரியாது, விதை பிடிக்காது. சாமிக்கு லாரியில வர்றதெல்லாம் எங்க பண்ணை நாத்துல காய்ச்சதுதான். நாத்துத் தட்டுல 'விதையில்லா ரகம்'னு லேபிள் ஒட்டுறதே நான்!"

"உனக்கு விசுவாசம் போதாது..." என்றார் மகான்.

"அது கெடக்கட்டும். என் கல்லு என்னாச்சு?" என்றார் தையல்காரர், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

மகான் மேடையின் பின்பக்கமாக இறங்கி லாரியில் ஏறிவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடும்மா."

"நேத்தே போட்டுட்டேன். பெட்டை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க, அத்தானுக்குப் புத்தி வர ஒருநாள் ஆகும்னு."

கூட்டத்தில் பாதி கலைந்தது. மறுபாதி, மந்திரம் தவறி விழுந்த பழத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது.

பழத்துக்குள் விதை இல்லாததன் காரணம் தெரிந்துவிட்டது. தலைக்குள் ஒரு கேள்விகூட முளைக்காததன் காரணத்தை அவரவரே யோசித்துப் பாருங்கள். அதற்கும் மந்திரம் கேட்டு வரிசையில் நிற்காதீர்கள்.