சாயம் போகாத மஞ்சள் தோல்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மெட்ராஸ் பெரியமேட்டுக்குப் போய் ஒரே ஒரு மஞ்சள் தோல் வாங்கிட்டு வரணும்.

உத்திரமேரூர்ல உரக்கடையில வேலை பார்த்துக்கிட்டு, சாயங்காலம் தோல் வேலை வகுப்புக்குப் போய்க்கிட்டிருந்த காலம் அது. ஒரு சாவிக்கொத்து வார் தைச்சு முடிச்ச திமிர்ல, மச்சினி கல்யாணத்துக்கு மாட்டிக்க மஞ்சள் கைப்பை தைச்சுத் தர்றேன்னு என் சம்சாரம் சரோஜாகிட்ட சொல்லிட்டேன். அவ சும்மா இருப்பாளா? தென்னேரியில அவங்க அம்மா வீட்டுல ஒருத்தர் விடாம சொல்லிட்டா. பை இல்லாம நான் அந்தப் பந்தியில உட்கார முடியாது.

வகுப்பு மாஸ்டர் தெளிவாத்தான் சொல்லி அனுப்பினார். கத்துக்குட்டிக்கு ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் சரிப்படும். ஈர வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாரு, சாயம் ஒட்டினா வாங்காத.

வெள்ளைத் துணியை எடுத்துட்டுப் போக மறந்துட்டேன். ஆனா கட்டியிருந்தது வெள்ளை வேட்டி. மாமனார் குடுத்தது.

முதல் கடையில ஒத்தைத் தோலான்னு சிரிச்சாங்க. எடுத்தா கட்டோட எடுக்கணுமாம். அடுத்த கடையில மஞ்சள் கேட்டா சிவப்பை நீட்டினார். சிவப்புச் சாயம் நிக்கிற கடையில மஞ்சளும் நிக்கும்னு ஒரு கணக்கு போட்டு, அவர் குடிக்க வச்சிருந்த தண்ணியிலேயே வேட்டி முனையை நனைச்சுத் தேய்ச்சேன். முனை செவந்து போச்சு. அடுத்த கடையில பச்சை. அதுக்கடுத்து கறுப்பு.

மத்தியானத்துக்குள்ள என் வேட்டியில இல்லாத கலர் மஞ்சள் மட்டும்தான்.

கடைசிக் கடை பாய் முதல்ல வேட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"இன்னா நைனா, பெயிண்ட் வேலையா?"

விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் எழுந்து போய் எலுமிச்சை நிறத்துல ஒரு தோலை உருவிட்டு வந்தார். தேய்ச்சேன். ஒட்டலை. மூச்சு வாங்க தேய்ச்சேன். அப்பவும் ஒட்டலை.

"போதும், வுடு நைனா. தோலே தேஞ்சிடப் போவுது."

சந்தோஷத்துல அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு பஸ் ஏறினேன்.

செங்கல்பட்டு தாண்டினதும் மழை. என் பக்கத்து ஜன்னல் மூடலை. தோல் நனையக்கூடாதேன்னு மடியில வச்சு, வேட்டி முனையால இழுத்து மூடி, மேல கையை வச்சு அழுத்திக்கிட்டேன். ஊர் வர்ற வரைக்கும் அசையலை.

வீட்டுல சரோஜா பிரிச்சுப் பார்த்தா. மஞ்சள் மேல சிவப்பு, பச்சை, கறுப்புன்னு திட்டுத் திட்டா படர்ந்திருக்கு. பட்டை போட்ட தோல் ஈரத்தைச் சட்டுனு உறிஞ்சும்னு மாஸ்டர் சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்தது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"இன்னாங்க இது?"

"டிசைன்"னு சொன்னேன். வேற எதுவும் வாயில வரலை.

"தைச்சுத் தொலைங்க. ஊர் முச்சூடும் சொல்லி வச்சிக்கீறேன்."

கல்யாணத்துல தாலி கட்டி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பை பந்தல் முழுக்க ஒரு சுத்து வந்துடுச்சு. அவ அண்ணிங்க ரெண்டு பேரும் அதே டிசைன்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. சரோஜா முகம் மாறாம, அதுக்கென்ன, இவர் தைச்சுத் தருவாருன்னு சொல்லிட்டா.

மறுபடியும் பெரியமேடு. பாய்கிட்ட மஞ்சள் தோல் வாங்கிட்டு, நேரா அந்தச் சிவப்புத் தோல் கடைக்குப் போனேன். அன்னைக்குக் காட்டின சாயம் போற சிவப்புதான் வேணும்னு பணிவாக் கேட்டேன்.

அவர் முறைச்சார். "நம்ம கடையில சாயம் போற சரக்கே கிடையாது. மரியாதியா போய்க்கினே இரு."

பச்சைக்காரரும் அதையே சொன்னார். கறுப்புக்காரரும் அதையே சொன்னார். அன்னைக்கு பெரியமேடு பூரா தேடினேன், சாயம் போற தோல் ஒரு துண்டு கிடைக்கலை.