களாச்செடியைப் பெயர்த்துக்கொண்டு போகவும்

ஓசூர்,
ஆவணி 12

நாட்றாம்பாளையம் மச்சான் திம்மராயன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் நாராயணப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை சரோஜம்மாளும் நலம். அங்கு ராகிப் பயிர் முதற்கொண்டு அனைவரின் நலமும் அறிய ஆவல். போனில் சொல்லியிருப்பேன். சொன்னால் அவள் காதில் விழும்.

விஷயம் களாச்செடி. நான்கு வருஷத்துக்கு முன் புதுமனை புகுவிழாவுக்கு எல்லோரும் சுவர்க்கடிகாரம் கொண்டுவர, நீங்கள் மட்டும் காட்டு முள்செடி ஒன்றைச் சாக்கில் சுற்றி வந்து கேட் பக்கம் நட்டீர்கள். அது இப்போது என்னைவிட உயரம். சிலிண்டர்காரர் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போகிறார், என் சட்டைகள் இரண்டு கிழிந்தன, பக்கத்து வீட்டு ஆனேக்கல் கன்னடக்காரர் இது கவளிக்காய், எங்கள் ஊர்ச் செடி என்கிறார், எதிர்வீட்டுத் தெலுங்கம்மா வாக்காய் என்று சொல்லிப் பருப்பில் போடப் பறிக்கிறார், இருவரும் ஒரே கொத்தில் கை வைத்து, முள் குத்தி, என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள், போன வாரம் குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்து, "ஸ்கூல் வேனுக்கு நிக்கற பசங்க மேல முள்ளு படுது, வெட்டிடுங்க சார்" என்று சொல்லித் திரும்பினால் அவர் வேட்டியே மாட்டிக்கிச்சு, என்னத்தச் சொல்றது, சரின்னுட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அரிவாளை எடுத்தேன். சரோஜா படியில் நின்றாள்.

"வெட்டுங்க, வேணாங்கல. எங்கூர்ல இருந்து இந்த வூட்டுக்கு வந்தது நாங்க ரெண்டு பேருதான்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். நான் அரிவாளைக் கீழே வைத்தேன். முப்பத்தோரு வருஷம் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தேன். இவள் ஊரை விட்டு வந்தவள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு உங்கள் ஊர் பஸ்ஸில் மூன்று மணி நேரம். அவளுக்கு அது எவ்வளவு தூரமென்று கேட்டதே இல்லை. நான்கு நாளாகச் சோறு போடுகிறாள், பேச்சில்லை.

அதனால மச்சான், கடிதம் கிடைத்ததும் கடப்பாரையோடு வாங்க. "என் செடி எனக்கு வேணும்"னு நீங்களா கேட்டு எடுத்துட்டுப் போயிடுங்க. நான் சொன்னதா காட்டிக்காதீங்க. பெரியவங்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
நாராயணப்பன்

பி.கு.: அண்ணா, சரோஜா எழுதறேன். பழக்க தோஷத்துல கவரை ஒட்டச் சொல்லி என்கிட்டயே குடுத்துட்டுக் கடைக்குப் போயிருக்காரு. கடப்பாரை வேணாம். ரோட்டுப் பக்கம் நீட்டற கிளையெல்லாம் காலையிலயே நான் கழிச்சுட்டேன். இவரு உக்காந்து எழுதின இடத்துல ஒரு கிண்ணம் களாப்பழம் காலி, தொட்டுக்கிட்ட உப்புதான் மீதி. வரும்போது இன்னொரு செடி கொண்டா, பின்னாடி எடம் இருக்குது. இவரு வந்ததும் நானே பேச்சுக் குடுக்கறேன். ஊரைப் பத்தி என்ன கேக்கறாருன்னு பாப்போம்.