நாயகன் இல்லாத ஒன்பது நிமிடம்

ஒரே ஸ்டுடியோவின் முப்பது பழைய படங்களிலிருந்து வெட்டி ஒட்டிய காட்சிகளில் கதாநாயகர்களைக் கத்திரி ஒழித்துக்கட்டிவிட்டாள். சனிக்கிழமை திரையிடல். வெள்ளி மதியம்தான் கவனித்தாள், கதாநாயகிகள் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

கத்திரி என்பது, விளம்பரப் படங்களை எடிட் செய்யும் அவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர். வீட்டில் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட ஆளில்லை. சினிமா பெண்களை என்ன செய்து வைத்திருக்கிறது என்று அந்தக் காட்சிகளை வைத்தே கேட்கும் படம் இது. ஒன்பது நிமிடம், மூன்று வருட உழைப்பு. யாராவது ஒருத்தர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தால் போதும் அவளுக்கு.

திரையிடலுக்கு ஹால் கொடுத்த திரைப்படக் கழகத்தின் செயலாளரிடம் போனில் யோசனை கேட்டாள்.

"கெஞ்சுறதுதான் பிரச்சினைன்னா வசனத்தைத் தூக்கிடுங்கம்மா" என்றார்.

தூக்கினாள். கதாநாயகிகள் தொட்டி மீன்களைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். முகத்துக்குக் கறுப்புப் பட்டை போட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்களைப் போல ஆனார்கள். வேறு வழியில்லாமல் அவர்களையும் அழித்தாள். மிஞ்சியது கதவு, நாற்காலி, ஓரத்தில் மருந்துத் தட்டோடோ தண்ணீர்ச் சொம்போடோ நிற்கும் யாரோ ஒருத்தி. அதையும் அழிக்க நேரமில்லை.

அக்காவுக்கு அனுப்பிவைத்தாள். ஒன்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "நல்லாருக்குடி. எப்ப ஆரம்பிக்கும்?"

சனிக்கிழமை அறுபது நாற்காலி போட்டிருந்தது. செயலாளருக்கு இருமல். அக்காவுக்குப் பிள்ளைகளின் டியூஷன். ஆபீஸ் தோழிகள் ஆளுக்கொரு கட்டைவிரல் பொம்மையைப் போனில் அனுப்பியிருந்தார்கள். கத்திரி தானே விளக்கை அணைத்து, தானே படத்தை ஓட்டி, முன்வரிசையில் தானே பார்வையாளராகவும் உட்கார்ந்தாள்.

பாதிப் படத்தில்தான் திரும்பிப் பார்த்தாள். ஹாலைக் கூட்டிப் பெருக்கும் அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண் கொட்டவில்லை. கத்திரி மீதிப் படத்தைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்தாள்.

விளக்கைப் போட்டதும் ஓடாத குறையாகப் போய் நின்றாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

அம்மாள் துடைப்பத்தைக் கையில் எடுத்தார்.

"ஓரத்துல நிக்கிறது அத்தனையும் நான்தான் கண்ணு. முப்பது படத்துலயும் எனக்கு ஒரு வசனம் குடுக்கல. நீ எல்லாரையும் தூக்கிட்டியேன்னு, இப்பவாச்சும் ஒண்ணு வரும்னு கடைசிவரைக்கும் உக்காந்திருந்தேன்."