கடல் மட்டமும் எங்கள் வீட்டு மட்டமும்

தலைச்சோலை,
பங்குனி 12

மதிப்பிற்குரிய மச்சான் ஜீவானந்தம் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் மாதப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் கௌரியும் நலம், மிளகுக் கொடியும் நலம். சேலத்தில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் குடும்ப குரூப்பில் போய் விழுந்துவிடும், அதனால்தான் காகிதம்.

எங்கள் மகள் கீர்த்திகா சித்திரையில் நேபாளம் போய், ஆறாயிரத்து நூறு மீட்டர் பனிமலை ஒன்றில் ஏறப் போகிறாளாம். பிறந்ததிலிருந்து ஏறின மலை போதவில்லை போல. இன்சூரன்ஸ் இல்லாமல் கூட்டிப்போக மாட்டார்களாம். "நீங்களே பாத்து எடுங்கப்பா" என்று பெங்களூரிலிருந்து பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். நானும் மூன்று கம்பெனித் தாள்களைப் படித்தேன். ஒன்றில், கயிறு பிடித்து ஏறினால் எதுவும் கிடையாது. இன்னொன்றில் ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் முதலில் போன் செய்து அனுமதி வாங்க வேண்டுமாம். பள்ளத்தில் கிடக்கிறவள் சிக்னலுக்கு எங்கே போவாள் என்று போடவில்லை. மூன்றாவதில் ஐயாயிரம் மீட்டர் வரை எல்லாம் உண்டு. அதையே எடுத்துவிட்டேன். கணக்கு எளிது மச்சான். நம் வீடே ஆயிரத்து நானூறு மீட்டரில் இருக்கிறது. இந்த ஊரில் ஒருத்தன் மலை ஏறினேன் என்றால் வாசலிலிருந்துதான் கணக்கு. வாசலுக்குக் கீழே இருப்பதை ஏறினதாக எவன் சொல்வான்? அதைக் கழித்தால் நாலாயிரத்து எழுநூறுதான். முந்நூறு மீட்டர் மிச்சம் வேறு.

பிறகு ஒரு சந்தேகத்துக்குக் கம்பெனிக்குப் போன் போட்டேன். செல்வி என்று ஒரு பெண் எடுத்தாள். "சார், எல்லாமே கடல் மட்டத்துல இருந்துதான்" என்றாள். "ஏனுங்க, கடல் எங்கயோ கெடக்குதுங்க. புள்ள எங்க ஊட்டுல இருந்துதானுங்க கெளம்புது" என்றேன். பொறுமைசாலி. ஐயாயிரத்துக்கு மேலே ஹெலிகாப்டரும் வராது, ஆஸ்பத்திரிச் செலவும் வராது என்று மூன்று தடவை சொன்னாள். கடைசி ஆயிரத்து நூறு மீட்டருக்கு என் பிள்ளைக்கு யாருமே இல்லை மச்சான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "ஏனுங்க, நொம்ப ஒசரமுங்களா?" என்று கௌரி கேட்டாள். குழம்பில் உப்பு கம்மி என்றேன்.

ஆகவே ஓர் உதவி. முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தவர் நீங்கள். "அவ்வளவு ஒசரத்துக்கு எந்தக் கம்பெனியும் குடுக்காது கண்ணு" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கீர்த்திகா நம்புவாள், பயணம் நின்றுவிடும். பொய்தான். பாவம் என்னைச் சேரட்டும். நான் சொன்னால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம். சேர்வராயன் உங்கள் எல்லோரையும் நல்லபடியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
மாதப்பன்

பி.கு.: தபால் பெட்டி வரை போனேன், கீர்த்திகா போனில் கூப்பிட்டாள். "பாலிசி எடுத்துட்டீங்களாப்பா? கூட வர்றவங்க எல்லாம் பயந்துட்டு இருக்காங்க. நீங்க பாத்து எடுத்தா எனக்குப் பயமில்லீங்கப்பா" என்றாள். அப்படியே திரும்பி வந்து, அந்தச் செல்வியிடமே கேட்டு, ஏழாயிரம் மீட்டர் வரை கயிறு, ஹெலிகாப்டர் எல்லாம் சேர்த்து வேறு பாலிசி எடுத்துவிட்டேன். கடலிலிருந்தே அளந்தாயிற்று. நீங்கள் கீர்த்திகாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். கௌரியிடம் மட்டும் நாலாயிரத்து எழுநூறு என்றே சொல்லி வைத்திருக்கிறேன். அவள் கேட்டால், மலையை வீட்டு வாசலிலிருந்துதான் அளப்பார்கள் என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.