விண்ணை நம்பாத லேம்ப்ரூம்காரர்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் வரிசை வீடுகளாலான எங்கள் லைனில், புயல் மழையின்போது மக்களே இல்லை என்று ஒரு வரைபடம் கூறிற்று. அதற்குக் காரணமானவரைப் பற்றிப் பலரும் திரித்துப் பேசுவதால், நடந்ததை எழுதிவைப்பது என் கடமையாயிற்று.

சுரங்கம் மூடப்படும்வரை தொழிலாளர்க்கு விளக்கு கொடுத்து வாங்கியவர் லேம்ப்ரூம்காரர். உலகில் எதையும் நம்பாதவர். ஒரு கடிகாரத்தை இன்னொன்றால் சோதிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் இரண்டையும் ஐயுறுவார்.

மழை தொடங்கிய அன்று, மக்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பதை இரவு வெளிச்சத்தைக் கொண்டு செயற்கைக்கோள் காட்டிவிடும் என்று செய்தி வந்தது. வீடுகளைப் பிடுங்கவே இந்த ஏற்பாடு என முடிவுகட்டியவர், நனைந்தபடியே கதவுதோறும் தட்டினார்.

"வாத்தியாரே, மெயினை ஆஃப் பண்ணுங்க. மேலருந்து எவனோ நோட்டம் உட்றான்."

பார்த்தால் என்ன என்றேன்.

"பாக்கறவன் சும்மா பாப்பானா?"

நானும் மெயினை அணைத்தேன். மூன்று இரவுகள் லைன் இருளில் கிடந்தது. மெழுகுவர்த்தி ஏற்றிய வீடுகளின் சன்னல்களில் சாக்கு தொங்கவிடச் செய்தார்.

நான்காம் நாள் காலை, தார்ப்பாய் ஏற்றிய லாரி எங்களைக் கடந்து பக்கத்துக் குடியிருப்பான நந்திதுர்க்குக்குச் சென்றது. எங்கள் கூரைகளோ ஒழுகிக்கொண்டிருந்தன. பின்னால் வந்த, அந்த வெளிச்ச வரைபடம் தயாரித்த பெங்களூர் ஆய்வாளர் பெண்ணை மறித்தோம். மேகம் விலகிய இரவு நேரத்தில் எடுத்த படத்தை அவர் மடிக்கணினியில் காட்டினார். நந்திதுர்க் மின்னியது, நாங்கள் கரும்புள்ளி. ஆளில்லாத இடத்துக்குத் தார்ப்பாய் எதற்கு என்று விட்டுவிட்டார்களாம்.

லேம்ப்ரூம்காரர் முன்னே வந்தார்.

"இன்னாம்மா படிச்சீங்க? எங்க ரூம்ல வெளக்கு ஆணியில இல்லன்னா ஆளு சொரங்கத்துக்குள்ள கீறான்னு அர்த்தம். போய்ட்டான்னு எழுதிட்டா அவன யாரு தேடுவா?"

"அப்போ மூணு நாளா லைட்டே எரியலையே, ஏன் தாத்தா?"

லைனே அவரைப் பார்த்தது. மின்வாரியத்தின்மேல் பழிபோடுவார் என்றே எதிர்பார்த்தேன்.

"நான்தான் ஆஃப் பண்ண சொன்னேன். உங்கள நம்பல. அப்படியே எழுதிக்கோங்க."

"இப்போ நம்பறீங்களா?"

"இப்பவும் இல்ல."

பிறகு வீடுவீடாக அழைத்துச் சென்று, ஒவ்வொருவரையும் வாசலுக்கு வரச்செய்து எண்ணிக் காட்டினார். அந்தப் பெண் அங்கிருந்தே தலைமையகத்துக்குத் தெரிவித்தார். மாலைக்குள் லாரி திரும்பியது.

தமக்குரிய தார்ப்பாயை மட்டும் அவர் வாங்க மறுத்தார். அதன் மடிப்பில் எதையோ வைத்துத் தைத்திருப்பதாக ஐயம். அவர் ரேஷன் கடைக்குச் சென்ற நேரத்தில் நாங்களே கூரைமேல் கட்டினோம்; முடிச்சுகளைப் போட்டவன் நான். திரும்பி வந்தவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு முடிச்சையும் சோதிக்கவில்லை. உள்ளே சென்று படுத்துக்கொண்டார்.

இதில் பிழை காண்போர் தயங்காது எழுதித் திருத்துக. அம்முடிச்சுகளைப் போட்டவன் நானல்லன் என்று மட்டும் யாரும் எழுதவேண்டா.