ரப்பரில் பதிந்த என் கட்டைவிரல்

நான் ஒரு சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டிவிட்டு லிப்ட் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். லிப்டில் இறங்கும்போது, நான் இழுத்த இழுப்பில் பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று தோன்றும். இதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் எனக்கு நெருப்புக் காவல் வேலை. மற்றவர்கள் வெல்டிங் செய்வார்கள். நான் தீயணைப்புக் குடுவையோடு பக்கத்தில் நின்று, எங்காவது பொறி ஒளிந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அவர்கள் போன பிறகும் நின்று பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் அமையாது.

என் மகள் பிரியா விரும்பிய பையனின் அப்பா குணசேகரன், ஓய்வு பெற்ற அலுவலக அதிகாரி. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தேன். (“வாயத் தொறந்து எதையாச்சும் உளறாதீங்க” என்பது மனைவியின் உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் எனக்கு வாய் திறக்காது.)

“முத்து, நீங்க கப்பல் பட்டறைன்னு பிரியா சொன்னா. சாங்கில எனக்கு ஒரு சின்ன ஃபைபர் போட் இருக்கு. அடியில விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். உங்களுக்கெல்லாம் இது ஒரு வேலையே இல்ல லா. சரி பண்ணிட்டா ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போலாம். மத்ததையும் அங்கேயே பேசிக்கலாம்.”

மற்றது என்றால் கல்யாணம். கப்பலில் நான் இதுவரை எதையும் பழுது பார்த்ததில்லை என்று சொல்லக் கூச்சம். தலை தானாக ஆடிவிட்டது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வசதியான மனிதர், படகு பழுது பார்ப்பவர்களை விட்டுவிட்டு என்னை ஏன் கேட்க வேண்டும்? இது பரீட்சை. என்னைச் சோதிக்க அந்த விரிசலையே அவர்தான் போட்டிருப்பார்!

லிட்டில் இந்தியாவில் ஒரு ஹார்டுவேர் கடையில், பிசைந்து ஒட்டுகிற ரப்பர் இருப்பதாகச் சொன்னார்கள். சின்னச் சின்னப் பொட்டலங்கள். உள்ளே கறுப்பாக, முறுக்கு மாவு பதத்தில் ஏதோ இருந்தது.

“ஷூ, பைப்பு, போட்டு, எல்லாத்திலயும் ஒட்டும்ணே” என்றார் கடைக்காரர்.

எல்லாவற்றிலும் ஒட்டும் என்கிற பொருள் எதிலும் ஒட்டாது என்பது என் கணக்கு. “நீங்க போட்டுல ஒட்டிப் பாத்திருக்கீங்களா?”

“எங்கிட்ட ஏதுண்ணே போட்டு?”

பொட்டலத்தில் இருந்த ஆங்கிலத்தைப் பிரியா படித்துச் சொன்னாள். “நல்லா சுத்தம் பண்ணி, ஈரமில்லாம ஒட்டணும். அப்புறம் ட்வென்ட்டி ஃபோர் அவர்ஸ் தொடக்கூடாது. அப்பா, கேக்குதா? தொடக்கூடாது.”

தொடக்கூடாது என்றால் என்ன அர்த்தம்? எதையோ மறைக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை, தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ரயிலும் பஸ்ஸும் ஏறி சாங்கிக்குப் போனேன். படகு கொட்டகையில் தாங்கிமேல் இருந்தது. படகுக்குள் ஏறி, உள்பக்கமாக விரிசலைத் தேய்த்துத் துடைத்து, ரப்பரைப் பிசைந்து அமுக்கினேன். உண்மையைச் சொன்னால், பிரமாதமாக உட்கார்ந்தது. அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அரை மணி நேரம் கழித்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது. பள்ளத்தைச் சமப்படுத்தினேன். சமப்படுத்தியது காய்ந்ததா என்று மறுபடி அமுக்கினேன். பொழுது சாயும்வரை இதே வேலை. மறுநாள் முதல் ரயிலைப் பிடித்துப் போய், மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே எப்படியோ என்று ஓரத்தை நகத்தால் நெம்பித் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் ஈரம். பார்த்தாயா, என் சந்தேகம் சரி! ஓரத்தை மறுபடி மடித்து அமுக்கிவிட்டேன்.

பத்து மணிக்குப் புறப்பட்டோம். இருவரும் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டோம். கரை கண்ணுக்குத் தெரியும் தூரம். தூண்டில் போட்டுவிட்டு அவர், “அப்புறம், கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம்னு...” என்று ஆரம்பித்தார். என் பாதம் நனைந்தது.

“காலடியில தண்ணியா முத்து?”

“ஐஸ் பெட்டி கசியுது போல சார்.”

உண்மையிலேயே ஐஸ் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு தண்ணீர் பாட்டிலை. பிறகு அவர் பிடித்த ஒரே ஒரு மீனை. கடைசியில், எதற்கும் பார்ப்போம் என்று ரப்பரைக் குதிகாலால் ஒருமுறை அமுக்கினேன். இட்லித் தட்டிலிருந்து இட்லி கழன்று வருவதுபோல் முழுசாக வந்து என் செருப்பில் ஒட்டிக்கொண்டது.

சட்டென்று ஓட்டையின்மேல் உட்கார்ந்தேன்.

“என்ன, கீழ உக்காந்துட்டீங்க?”

“இங்க காத்து நல்லா வருது சார்.”

இடுப்புவரை துணியெல்லாம் நனைந்ததும் அழுகை வந்துவிட்டது. மகளின் வாழ்க்கை என் உட்காருமிடத்தின்கீழ் ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “நான் கப்பல் ரிப்பேர் பண்றவன் இல்ல சார். நெருப்பு வருதான்னு பாத்துக்கிட்டு நிக்கிறவன்.”

“தண்ணி வருதான்னும் கொஞ்சம் பாத்திருக்கலாமே?”

அவர் மோட்டாரைக் கிளப்பிப் படகைக் கரைக்குத் திருப்பினார். நான் உட்கார்ந்தபடியே தூண்டில்புழு டப்பாவால் தண்ணீரை இறைத்தேன். கல்யாணம் போயிற்று என்று முடிவுகட்டினேன்.

பாதி வழியில் அவர் தொண்டையைச் செருமினார். “விரிசல நான்தான் போட்டேன்.”

எனக்குத் தெரியும் என்று கத்தத் தோன்றியது.

“பாறையில ஏத்திட்டேன். ரிப்பேருக்குக் குடுத்தா வீட்டுல தெரிஞ்சிரும். இந்தச் சனியன வித்துத் தொலைங்கன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கா. நீங்கன்னா வெளியில பேசமாட்டீங்கன்னு தோணுச்சு. சொல்லிராதீங்க, சம்பந்தி.”

சம்பந்தி! நான் ஓட்டையை மறந்து எழுந்து கும்பிட்டேன். “உக்காருங்க, உக்காருங்க!” என்று அவர் அலறினார்.

கல்யாண விருந்தில் மேடையேறி அவர் என் கதையைச் சொன்னார். பாறையைக் கவனமாக விட்டுவிட்டார். (சம்பந்தியம்மா தமிழில் எதுவும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். அதிலும் இப்போது லேசாகச் சந்தேகம் வருகிறது.) அன்றிலிருந்து நான் ரசத்துச் சட்டியின் மூடியைத் திறந்தால்கூட, “அப்பா, ட்வென்ட்டி ஃபோர் அவர்ஸ்!” என்று வீடே கூவுகிறது.

செருப்பில் ஒட்டிய அந்த ரப்பர் மறுநாள் கல்லுப் பிள்ளையார்போல் இறுகிவிட்டது. நடுவில் என் கட்டைவிரல் ரேகை அச்சாக விழுந்திருக்கிறது. சம்பந்தி அதில் ஒரு துளை போட்டு, படகுச் சாவியைக் கோத்து வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கையில் கொடுப்பார். நன்றாகத்தான் காய்ந்திருக்கிறது. இருந்தாலும், ஒருதடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன்.